பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு... பேக்கப் இருக்கா?

திருவண்ணாமலையில் கேமராவுக்கு ஓய்வே கிடையாது. முகூர்த்த நாள், பௌர்ணமி கிரிவலம், 2,668 அடி உயர மலையுச்சியில் ஏறும் மகாதீபம் என எல்லாமே இப்போது 4கே வீடியோ. இவ்வளவையும் லேப்டாப் தாங்காது என்பதால் ஸ்டுடியோக்காரர்களும், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐ.டி. இளைஞர்களும் வாங்கி வைப்பது ‘நாஸ்’ பெட்டி. வைஃபை ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ரெண்டோ நாலோ ஹார்டு டிஸ்க். “ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கு சார்” என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் கல்யாண வீடியோக்கள் காணாமல் போகின்றன.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக வேலை வாங்கும் இந்த முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் இது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் ரெண்டும் பூட்டிக்கொள்ளும். மின்னல் இறங்கினால் ரெண்டுக்கும் ஒரே கரன்ட். ஒரே பெட்டி, ஒரே அறை என்றால் கணக்குக்கு அது ஒரே பிரதிதான். 2021 ஜூனில் ‘மை புக் லைவ்’ என்ற சேமிப்புப் பெட்டியை இணையத்தில் இணைத்து வைத்திருந்தவர்கள் பலர், ஒரே நாளில் எல்லாம் காலியாகிக் கிடப்பதைப் பார்த்தார்கள். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. வெளியிலிருந்து யாரோ ‘ரீசெட்’ கொடுத்திருந்தார்கள்.

வெள்ளமெல்லாம் சென்னைக்காரர்கள் கவலை என்றும் இனி சொல்ல முடியாது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவு வந்து 7 உயிர்கள் போயின. அந்த இழப்பின் முன் டிஸ்க் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் போனவர்களின் படமாவது மிஞ்சியதா என்று குடும்பங்கள் தேடுவது அதற்கு அப்புறம்தான்.

சரி, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, ‘டிக் டிக்’ சத்தம் கேட்கிறது. என்ன செய்வது? முதலில் ஆஃப் செய்வது. “இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்” என்பதுதான் பெரும்பாலான தரவுகளைக் கொல்கிறது. டிஸ்க் தட்டுக்கு மேலே அதன் ‘ஹெட்’ சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். பழுதான ஹெட் சுற்றச் சுற்றத் தட்டைக் கீறிக்கொண்டே போகும். கீறின இடத்தில் இருந்தது யாராலும் திரும்பி வராது.

அடுத்த பொறி ‘ரீபில்டு’. மூன்று டிஸ்க் பெட்டியில் ஒன்று போனதும் புதுசு மாட்டினால், மற்ற இரண்டையும் அது முழுக்கப் படித்தாக வேண்டும். 8 டெராபைட் டிஸ்க் என்றால் குறைந்தது பத்துப் பதினோரு மணி நேரம் விடாத உழைப்பு. மூன்றும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை, வயசும் ஒன்றுதான். அந்த உழைப்பில் இரண்டாவதும் படுத்தால், அவ்வளவுதான். வேறு பிரதி இல்லாதவர் ரீபில்டு பட்டனைத் தொடவே கூடாது.

டிஸ்க்கைக் கழற்றும்போது எது எந்த இடத்தில் இருந்தது என்று மார்க்கரில் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் அது ‘இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மேட் செய்யவா’ என்று அப்பாவியாகக் கேட்கும். நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுபவை. விண்டோஸுக்கு அந்த மொழி தெரியாது, அதனால் காலி என்று நினைத்துக்கொள்கிறது. ‘சரி’ அழுத்தினால் போச்சு. டிஸ்க் நன்றாக இருந்து பெட்டி மட்டும் செத்திருந்தால் நல்ல செய்தி: லினக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் போதும். அவரும் முதலில் ‘டிடிரெஸ்க்யூ’ மாதிரி இலவச மென்பொருளால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும்.

நனைந்த டிஸ்க்கை அரிசி மூட்டையிலும் வெயிலிலும் காயவைப்பது தவறு. காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே கவரில் மூடி லேபுக்கு அனுப்புவதுதான் முறை. கொலம்பியா விண்கலம் 2003-இல் சிதறியபோது பூமியில் விழுந்து கருகிய ஒரு டிஸ்க்கிலிருந்தே சுமார் 99 சதவீதத் தரவை எடுத்தார்கள். தட்டு கெடாமல் இருந்ததுதான் காரணம். அதனால் சுத்த அறை வசதி இல்லாத தெருமுனைக் கடையில் மூடியைத் திறக்க விடவே கூடாது. லேபில் கேட்க வேண்டியது ரெண்டு: டேட்டா வராவிட்டால் காசு உண்டா? பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா?

இந்தச் செலவுக்கு அஞ்சுபவர்கள் திருமழபாடியைப் பார்க்கலாம். சோழர் காலத்தில் அந்தக் கோயிலை இடித்துக் கட்டுவதற்கு முன், சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து, புதுச் சுவர் எழுந்ததும் மறுபடி வெட்டினார்கள். கல்லையே நம்பி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை.

ஸ்டுடியோக்கள் செய்யக்கூடியதும் பெரிய விஷயமில்லை. ஆல்பம் கொடுக்கும் அன்றே முழு ஃபுட்டேஜையும் ஒரு டிஸ்க்கில் போட்டுக் குடும்பத்திடம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க் விலையை பில்லிலேயே சேர்க்கலாம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வீட்டில் நாஸ் வைத்திருப்பவர்கள் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் மாதம் ஒருமுறை நகல் எடுத்து, ஆரணியிலோ வேலூரிலோ இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் வைக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது அதைத் திறந்து, ஒரு வீடியோ ஓடுகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.