பெயரை மாற்றினால் போதுமா?

போன வாரம் ஒரு பையன் கதை எழுதிக் கொண்டுவந்தான். பொன்னமராவதியில் எங்களுக்கு அடுத்த தெரு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "அந்தத் தாத்தா ஏதோ எழுதுகிறவர், அவரிடம் காட்டு" என்று அவன் பாட்டி அனுப்பியிருக்கிறார். நோட்டில் பதினாறு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. ஒரு டீக்கடைக்காரர் கதை. மனைவி இறந்து மூன்று மாதம் ஆகிறது. கொன்னையூர்த் திருவிழா அன்றைக்குக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் டீ போட்டுக் கொடுக்கிறார். ராத்திரி கடையைப் பூட்டுகிறார். சாவியை ஊருணியில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறார்.

"எல்லாம் சரி தம்பி, சாவியை எதுக்கு எறிஞ்சாரு? நம்ப முடியலையே" என்றேன்.

"நிஜமா எறிஞ்சாரு தாத்தா. நானே பார்த்தேன்."

இந்தப் பதிலை என் வாயாலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அது பதில் இல்லை. முப்பத்தைந்து வருடம் மனுக்களைப் படித்துக் குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். உண்மையான கஷ்டத்தோடு வந்தவரின் மனு பெரும்பாலும் முன்னுக்குப் பின் முரணாக இருக்கும். தேதி இருக்காது. கேட்டதற்கு ஒன்று சொல்வார், கேட்காததற்குப் பத்து சொல்வார். அலுவலக வாசலில் மேசை போட்டு எழுதுகிறவர் எழுதிக்கொடுத்த மனுவிலோ எல்லாம் வரிசையாக இருக்கும், படித்த உடனே நம்பத் தோன்றும். நடந்தது என்பது வேறு, நம்பும்படி இருப்பது வேறு என்பதை நான் இலக்கியத்தில் கற்கவில்லை, கோப்புகளில் கற்றேன்.

கல்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வல்லவரையர் வந்தியத்தேவன் உண்மையில் இருந்தவர், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயர் இருக்கிறது. நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் வாதம் எதைப் பற்றி நடக்கிறது? நந்தினி யார் மகள் என்பதைப் பற்றித்தான். இல்லாதவளுக்கு இத்தனை பேர் தகப்பன் தேடிக்கொடுக்கிறோம்!

சரி, என் கதைக்கு வருகிறேன். புதுக்கோட்டைக்காரனுக்கு எழுத்து ஆசை வருவது அதிசயம் இல்லை. பெருங்களூர்க்காரரான அகிலன் ஆர்.எம்.எஸ்ஸில் தபால் பிரித்துக்கொண்டே எழுதியவர், பிறகு 'சித்திரப்பாவை'க்கு ஞானபீடம் வாங்கினார். புதுக்கோட்டையில் கருவூல வேலையில் இருந்துகொண்டே கந்தர்வன் சிறுகதை எழுதினார். இவர்களைப் பார்த்து ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு குமாஸ்தா எழுத்தாளன் புறப்பட்டான். எங்கள் அலுவலகத்தில் அந்த ஆள் நான்.

1980களின் நடுவில், வேறொரு மாவட்டத்தில் இருந்தேன். ஊரும் துறையும் வேண்டாம். சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கதை கேட்டார்கள். எங்கள் பிரிவில் ஒரு தட்டச்சர் இருந்தார், முப்பத்தாறு முப்பத்தேழு வயது, திருமணம் ஆகவில்லை. தம்பிகள் இருவரைப் படிக்க வைத்தவர். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். இறந்துபோன அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருப்பார். ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், வாரில் கூடுதலாக ஒரு துளை போட்டு இறுக்கியிருப்பார். சாயங்காலம் இயந்திரத்தை மூடியதும் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இதைவிட ஒரு கதை எழுதுகிறவனுக்கு என்ன வேண்டும்? பெயரை நிர்மலா என்று மாற்றினேன். அரசு அலுவலகத்தைத் தனியார் கம்பெனி ஆக்கினேன். தம்பிகளைத் தங்கைகள் ஆக்கினேன். கடிகாரத்தை மட்டும் மாற்றவில்லை. அதுதானே கதை! கடைசியில் அவள் பேருந்து நிலையத்தில் நின்று, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து அழுகிறாள். முடிந்தது.

மலர் வெளியானது. எல்லோரும் பாராட்டினார்கள். மறுவாரத்திலிருந்து அவர் முதுகுக்குப் பின்னால் "நிர்மலா வந்தாச்சா", "நிர்மலா லீவா" என்று பேச்சு. அது எனக்கே சில நாள் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த அன்றைக்கு அவர் கையைப் பார்த்தேன், வெறும் கை. பிறகு அவர் அந்தக் கடிகாரத்தைக் கட்டி நான் பார்க்கவில்லை.

அவர் சண்டை போடவில்லை. புகார் எழுதவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து மாறுதலில் போவதற்கு முந்தின நாள், கடைசியாக அடித்த கடிதங்களை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பொண்ணு ஏன் சார் அழறா? நான் ஒருநாளும் அழுததில்லையே."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தக் கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டு இருந்தது என்பது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. என்னுடையதை ஏன் எடுத்தாய் என்பது ஒன்று. எடுத்ததைக்கூடச் சரியாகச் செய்யவில்லையே என்பது இரண்டு. கடிகாரம் அவருடையது. அழுகை அந்தக் காலத்துப் பத்திரிகைக் கதைகளிலிருந்து நான் கடன் வாங்கியது. நிர்மலா என்று ஒருத்தியை நான் உண்டாக்கவே இல்லை. ஒரு மனுஷியின் கையிலிருந்து ஒரு பொருளைக் கழற்றி வேறொரு பொம்மைக்குக் கட்டினேன், அவ்வளவுதான்.

(கடிகாரத்தைத் திரும்பவும் இங்கே எழுதிவிட்டாரே என்று கேட்பீர்கள். அது கடிகாரம் அல்ல, வேறு பொருள். பையனுடைய கதையில் வருவதும் டீக்கடை அல்ல. யாரும் தேட வேண்டாம்.)

இந்த விஷயத்தை எழுதப்பட்டவள் பக்கத்தில் நின்று எழுதியவர் ஜெயகாந்தன்தான் என்பது என் கட்சி. 1966இல் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழையில் கார் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள், தாய் அவள் தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதற்கு எழுந்த கூச்சல் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பிறகு அவரே, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமாகி, 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

அந்த நாவலில் கங்கா வேலைக்குப் போகிற, முப்பதை எட்டிய பெண். பத்திரிகையில் வந்த ஒரு கதையைப் படிக்கிறாள். அது 'அக்னிப் பிரவேசம்', எழுதியவர் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர். படத்தில் நாகேஷ் செய்தாரே, அவர்தான். கதை தன்னுடையது என்று கங்காவுக்குத் தெரிகிறது. ஆனால் கதையில் வரும் தாய் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொள்கிறாள், கங்காவின் தாய் அலறினாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தினான். தனக்குக் கிடைக்காத தாயை எவரோ ஓர் எழுத்தாளர் அச்சில் கொடுத்திருக்கிறார் என்று படிக்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும்? என் சக ஊழியர் மலரைப் படித்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கங்கா ஞாபகம்தான் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. கங்கா யார் என்று ஊரில் எவரும் விரல் நீட்ட முடியவில்லை. ஆனால் படித்த வீடுகளிலெல்லாம் "நம்ம இன்னாரைப் போல" என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். நான் எழுதிய நிர்மலாவை அலுவலகமே அடையாளம் கண்டது, அலுவலகத்துக்கு வெளியே ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பாத்திரம் உருவாகிவிட்டதா இல்லையா என்பதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சொல்லிவிட முடிந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இது தர்மத்துக்காக மட்டும் சொல்வதல்ல, தொழிலே அங்கே பாதியில் நிற்கிறது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பா சைகோனில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து திரும்பியவர். பிள்ளைக்குப் பிரெஞ்சு வேண்டும் என்று அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே வகுப்பில் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' பாடம் நடந்தது. நார்மண்டியில் ரீ என்ற சிற்றூர். அங்கே கிராம வைத்தியர் ஒருவரின் மனைவி தெல்ஃபீன் தெலமார் 1848இல் இள வயதில் இறந்தாள். அவள் கதையிலிருந்துதான் நாவலுக்கு வித்து கிடைத்தது என்பார்கள். ஃப்ளோபேர் ஐந்து வருடம் எழுதினார். 1857இல் பொது ஒழுக்கத்தைக் கெடுத்ததாக வழக்கு, விடுதலை ஆனார். எல்லாம் கற்பனை என்று ஒரு வாசகிக்குக் கடிதமும் எழுதினார். வாத்தியார் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னார். அந்தத் தெல்ஃபீனுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு, புத்தகம் வந்தபோது அது வளர்ந்த பிள்ளை. இதை நான் வெகுகாலம் கழித்துப் படித்தேன். நீதிமன்றத்தில் அவளைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஃப்ளோபேரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடத்தில் அவர் அந்த எம்மாவுக்குத் தன்னுடைய சலிப்பையும் ஆசையையும் கொடுத்து முழுக்க வேறொருத்தி ஆக்கிவிட்டார். நான் நிர்மலாவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன்.

அப்படியானால் பெருமாள்முருகன் விஷயத்தில் என்ன சொல்கிறீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நாலு வருடம் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தார்கள். அடுத்த பதிப்பில் ஊர்ப் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று அவர் சொல்லியும் ஓயவில்லை. 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என் கட்சியும் எழுத்தாளர் கட்சிதான். பிள்ளை இல்லாத காளியையும் பொன்னாளையும் எவரும் எதிர்வீட்டுக்காரர் என்று சுட்டவில்லை, ஊர் தன்னைச் சுட்டியதாக எடுத்துக்கொண்டது. ஊருக்குக் கூட்டம் போட முடியும், கடை அடைக்க முடியும். ஒரு தட்டச்சருக்கு என்ன முடியும்? கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்க முடியும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அவர் இப்ப எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டேன்.

"காரைக்குடியில மக வீட்ல தாத்தா."

"படிப்பாரா?"

"கடையில பேப்பரை ஒரு எழுத்து விடாமப் படிப்பாரு." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் யோசித்தான். "அவர்கிட்டயே போய் ஏன் எறிஞ்சீங்கன்னு கேட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம். அவர் காரணம் அவரோட இருக்கட்டும். உன் கதையில எறியிறவனுக்கு நீதான் காரணம் கண்டுபிடிக்கணும். நீ எதையாவது அப்படி எறிஞ்சிருக்கியா, எறியணும்னு நினைச்சிருக்கியா, அங்கேருந்து பாரு. கண்டுபிடிச்சிட்டா டீக்கடையே தேவைப்படாது."

"அப்ப சாவியும் போயிருமா தாத்தா?"

அதற்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினாறு பக்கத்தில் நல்ல இடம் அது ஒன்றுதான். எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "யோசிச்சு எழுதிக் கொண்டா" என்று அனுப்பினேன். நோட்டு இன்னும் வரவில்லை.