சலங்கைக்கு என்ன அவசரம்?

இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்கிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் தோழிகள் பொறுத்துக்கொள்ளவும்.

விஜயதசமி நெருங்கினாலே எங்கள் ஊர் மயிலாடுதுறையில் 'பரதநாட்டியம் கற்றுத் தரப்படும்' என்று தெருவுக்குத் தெரு தட்டி கட்டிவிடுகிறார்கள். பெண் குழந்தை இருக்கிற வீட்டில் "பாப்பாவை டான்ஸ்ல சேத்தாச்சா?" என்பதுதான் பேச்சு. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் என் மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது.

எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பள்ளியின் ஆண்டு விழா நடந்தது. நெற்றிச்சுட்டியும் ஜரிகை உடையுமாக நாற்பது குழந்தைகள் வரிசையாக வந்து நின்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மறுநாளே போனேன். வகுப்பு எப்படி நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மிஸ்ஸிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "எப்ப மேடை ஏத்துவீங்க?" என்பதுதான். "மூணே மாசம்" என்றார். உடனே பணத்தைக் கட்டினேன்.

எனக்கும் சின்ன வயதில் ஆடுகிற ஆசை இருந்தது. "நம்ம வீட்டுப் பொண்ணு நாலு பேர் முன்னாடி ஆடுறதா?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பத்தாவதோடு படிப்பும் நின்றது. அந்த ஆசையைத்தான் மகள் தலையில் கட்டினேன் என்று இப்போது புரிகிறது.

மிஸ் சொன்னபடி மூன்று மாதத்தில் மேடை ஏற்றிவிட்டார். ஆனால் அடவு எதுவும் சொல்லித் தரவில்லை. செல்போனில் பாட்டைப் போட்டு, முன்னால் ஒரு பெரிய பெண்ணை நிறுத்தி, அவளைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டவேண்டியதுதான். மாதச் சம்பளம் 600 ரூபாய் என்றுதான் சேர்த்தேன். அப்புறம் உடை வாடகை, மேக்கப், கேடயத்துக்கு, வீடியோவுக்கு என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் 3,000 ரூபாய்க்குக் குறையாமல் போனது. ஒரு தடவை 'சாதனை நிகழ்ச்சி' என்று வெளியூர் கூட்டிப் போனார்கள். விடியற்காலை நாலு மணிக்கு மேக்கப் போட்ட குழந்தை, மத்தியானம் வெயிலில் மைதானத்தில் நின்று ஆறு நிமிடம் ஆடியது. நடுவில் ஒன்றுக்குப் போகக்கூட உடையைக் கழற்ற முடியவில்லை. கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள்.

அதெல்லாம் போகட்டும். என் மகள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். "குண்டா இருக்கறவங்கல்லாம் பின்வரிசை" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. வகுப்பு நடக்கும்போது கதவைச் சாத்திவிடுவார்கள், அம்மாக்கள் வாசலோடு சரி. ஒருநாள் ராத்திரி இரண்டாவது தோசை வைத்தபோது கையால் தட்டை மூடிக்கொண்டாள். "முன்வரிசை வேணும்மா" என்றாள். ஆறு வயதுக் குழந்தை! இன்னொரு நாள், "எனக்குக் காய்ச்சல் வந்தா டான்ஸுக்குப் போக வேணாம்ல?" என்று கேட்டாள். சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து முட்டிவலி வேறு. என் மாமியார்தான் தினமும் எண்ணெய் தேய்த்துவிடுவார். "ஆடத் தெரிஞ்சவளா வருவாள்னு பாத்தா, நடக்க முடியாதவளா ஆக்கிடுவ போலிருக்கே" என்று அவர் திட்டியது எனக்கு உறைத்தது. நிறுத்திவிட்டேன். "போன காசு போகட்டும், விடு" என்றார் என் வீட்டுக்காரர்.

வழுவூரும் பந்தநல்லூரும் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். பரதத்தில் இரண்டு பாணிக்கே அந்த ஊர்ப் பெயர்கள். சென்னையில் 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். அப்பேர்ப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, தட்டடவு என்ற வார்த்தையையே என் மகள் ஒரு வருடம் ஆடிய பிறகுதான் கேள்விப்பட்டாள்.

கேள்விப்பட்டது இப்போது போகிற டீச்சரிடம். வயதானவர். தட்டி, விளம்பரம் எதுவும் கிடையாது. வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். நான் போனதும் என்னிடம் பேசவில்லை, குழந்தையிடம்தான் கேட்டார்: "ஒனக்குப் பிடிச்சிருக்கா கண்ணு, இல்ல அம்மாவுக்குப் பிடிச்சிருக்கா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இப்ப பணம் கட்ட வேணாம். ரெண்டு வாரம் ரெண்டு பேரும் வந்து உக்காந்து பாருங்க" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். தட்டுக்கழி பலகையில்தான் விழுகிறது, பிள்ளைகள் மேல் விழுவதில்லை. அரைமண்டி எவ்வளவு வருகிறதோ அவ்வளவு போதும், முட்டி பக்கவாட்டில் திரும்பட்டும், ஆழம் தானாக வரும் என்கிறார். முட்டியைத் தரையில் வைக்கிற மண்டியடவெல்லாம் சின்னதுகளுக்குக் கிடையாது. வலித்தால் சொல்லிவிட்டு உட்காரலாம். வரிசையை வாராவாரம் மாற்றிவிடுகிறார், போன வாரம் பின்னால் நின்றது இந்த வாரம் முன்னால். என் மகளுக்குப் புதிதாகக் கற்பிப்பதைவிட, பழைய பழக்கத்தை மறக்கடிக்கத்தான் நாலு மாதம் ஆனது.

பெண்ணைச் சேர்க்கப் போகிற தோழிகளுக்கு நான் சொல்வது, ஆண்டு விழாவைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை வகுப்பைப் போய்ப் பாருங்கள். கதவைச் சாத்துகிற இடம், எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். டீச்சர் யாரிடம், எத்தனை வருடம் கற்றார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, நல்ல டீச்சர் சந்தோஷமாகவே சொல்வார். மாதச் சம்பளம் போக வேறு என்னென்ன கட்டவேண்டும், நிகழ்ச்சிக்கு வராவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, அங்கே படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களிடம் மட்டும் விசாரிக்காதீர்கள். நின்றுபோன பிள்ளைகளின் அம்மாக்களைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

காசு கட்ட முடியாதவர்கள், அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவஹர் சிறுவர் மன்றத்தை விசாரியுங்கள். 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பரதம் சொல்லித் தருகிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அரசு இசைப் பள்ளிகளில் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. இது எத்தனையோ பேருக்குத் தெரிவதே இல்லை.

சின்ன வயதிலேயே மேடை ஏறினால் கூச்சம் போகும் என்று என் நாத்தனார் வாதாடுகிறார். மேடையே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. கச்சேரியில் முதலில் ஆடுகிற அலாரிப்புக்கே அடவு காலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன அவசரம்? பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்குக் கொடுக்கிற மாதிரிதான் அது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் அக்கா, "ரெண்டு வருஷமா கத்துக்கறாளே, ஒரு பாட்டுக்கு ஆடச் சொல்லேன்" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகளே முந்திக்கொண்டு, "எனக்குப் பாட்டெல்லாம் இன்னும் வராது பெரியம்மா. நாட்டடவு நல்லா வரும், பாக்கறீங்களா?" என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். சலங்கை இல்லை, பாட்டு இல்லை. அவளே வாயால் சொல்லிக்கொண்டு மூன்று காலத்திலும் ஆடினாள். என் மாமியார் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆடி முடித்துவிட்டு நேராகப் பந்திக்குப் போய் இரண்டு ஜாங்கிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

— ஒரு வாசகி, மயிலாடுதுறை