அனார்கலியும் என் மாமியாரும்

"ஒரு நாடகம் பார்க்க இத்தனை ரூபாயா? அந்தக் காசுக்கு ஒரு மாச மளிகை சாமான் வாங்கிப் போட்டுடலாமே!" என்றார் என் மாமியார். நாத்தனார் டிக்கெட் விலையை மறைத்துத்தான் வைத்திருந்தாள். என் பெண் போட்டு உடைத்துவிட்டாள்.

2016-ஆம் வருஷம் தீபாவளிக்குக் கும்பகோணத்திலிருந்து மும்பைக்கு, மாட்டுங்காவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த அக்டோபரில்தான் 'மொகலே ஆஜம்' மேடை நாடகமாக, பாட்டும் நடனமுமாக, நாரிமன் பாயிண்ட்டில் உள்ள பெரிய அரங்கத்தில் ஆரம்பித்திருந்தது. 1960-ல் கே. ஆசிஃப் எடுத்த அதே படத்தின் கதைதான். ஃபெரோஸ் அப்பாஸ் கான் இயக்கியிருந்தார். அன்று படத்துக்குப் பணம் போட்ட ஷாபூர்ஜி பலோன்ஜி நிறுவனம்தான் இந்த நாடகத்துக்கும் பணம் போட்டதாம். அந்தப் படம் 1961-ல் 'அக்பர்' என்று தமிழ் பேசி வந்து, ஓடாமல் பெட்டிக்குள் போனது. அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) அதையும் பார்த்ததில்லை. இந்தியும் தெரியாது. கதையைக் காரிலேயே சொல்லிக்கொண்டு போனேன்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அன்று காலை காபிக்குப் பிறகு அத்தை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "போற இடத்துல பாத்ரூம் எங்கேன்னு யாரைப் போய்க் கேக்கறது?" நம்மில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம்! கல்யாணம், கோயில், பஸ் பிரயாணம் எதுவானாலும் முதலில் நிறுத்துவது தண்ணீரைத்தான். பிறகு தலைவலி, நீர்க்கடுப்பு என்று அவஸ்தை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்களுக்கு இது இன்னும் மோசம், எழுந்து நின்றாலே தலை சுற்றும். அரங்கத்தில் பாத்ரூம் சுத்தமாகவே இருந்தது. நான் முதலில் போய்ப் பார்த்து வந்து சொன்ன பிறகும் அத்தை மசியவில்லை. ஏசி குளிருக்கு ஒரு சால்வை கொண்டுபோனது மட்டும் உபயோகப்பட்டது.

திரை விலகியதும் என் பெண் "அம்மா!" என்று என் கையைப் பிடித்தவள் ரொம்ப நேரம் விடவில்லை. அரண்மனைத் தூண், தோட்டம், போர்க்களம் எல்லாம் ஒளியாலேயே பின்னால் விரிந்து மாறுகின்றன. முப்பது பெண்களுக்கு மேல் ஒரே சமயத்தில் கதக் ஆடிச் சுழலும்போது பாவாடைகள் குடை மாதிரி விரிகின்றன. மொத்தம் 550 உடைகளுக்கு மேல், தைக்க வடிவம் கொடுத்தவர் மணீஷ் மல்ஹோத்ரா. எனக்கென்னவோ சில காட்சிகளில் ஜரிகை கண்ணைக் குத்தியது. அடிமைப் பெண்ணுக்கு இவ்வளவு ஜரிகையா என்றும் தோன்றியது. ஆனால் அந்தக் கண்ணாடி மண்டபப் பாட்டு வந்தபோது குறை சொல்ல வாய் வரவில்லை. படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளைதான், அந்தப் பாட்டைக் கலரில் எடுத்திருந்தார்கள். மேடையில் ஒரு அனார்கலி நூறு அனார்கலியாகத் தெரிந்தாள்.

அத்தை கண்ணாடியைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது வாயசைப்பு இல்லேடி, தானே பாடறா. பாரு, சுத்தி வந்து நின்னதும் மூச்சு வாங்கறது!" என்று என் காதில் சொன்னார். நிஜம்தான். படத்தில் லதா மங்கேஷ்கர் பாடியதை இங்கே நடிப்பவர்களே ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். சின்ன வயசில் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் 'தசாவதாரம்' பார்த்தவர் அத்தை. பெண் வேஷமும் பையன்களே கட்டி, தொண்டை கிழியப் பாடிய காலம் அது. அன்றைக்கும் மின்விளக்கு ஜாலமெல்லாம் காட்டி ஜனங்களை வாய் பிளக்க வைத்தார்களாம்.

அனார்கலி என்று ஒருத்தி இருந்தாளா என்பதே சந்தேகம். அக்பர் சரித்திரத்தை எழுதிய அபுல் ஃபசல் அவளைப் பற்றி எழுதவே இல்லை. லாகூரில் இம்தியாஸ் அலி தாஜ் என்பவர் 1922-ல் எழுதிய நாடகத்தால்தான் இந்தக் கதை இவ்வளவு பரவியது. என் பெண் இதைக் கேட்டு, "அப்போ பொய்யா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள்.

பிற்பாதியில் சலீம் அப்பாவோடு போருக்கு நிற்கிறான். அக்பரின் ராணி ஜோதாபாய் நடுவில் நிற்கிறாள், நெற்றிக் குங்குமமா, பெற்ற பிள்ளையா என்று. அப்போது பக்கத்து நாற்காலியில் சால்வை முனை அத்தையின் கண்ணுக்குப் போனது. நான் திரும்பாமல் இருந்தேன்.

அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். என் கணவரின் அண்ணன் தானே பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டபோது மாமனார் "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் பேச்சில்லை. அத்தை மட்டும் மதியத்தில், மாமா தூங்கும் நேரம், அடுத்த வீட்டுப் போனில் பிள்ளையோடு பேசுவார். பேரன் பிறந்த சேதியும் அந்தப் போனில்தான் வந்தது. அன்றைக்கு இனிப்புச் செய்ய முடியாமல், ஏகாதசி என்று சொல்லிப் பாயசம் வைத்தாராம். மாமா போன அன்றுதான் மூத்தவர் வாசற்படி ஏறினார்.

கடைசியில் அனார்கலியின் அம்மாவுக்கு முன்னொரு நாள் கொடுத்த வாக்குக்காக அக்பர் அவளைச் சுரங்க வழியாக விட்டுவிடுகிறார். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். முழங்கால் வலியோடு அத்தையும் எழுந்தார்.

நாடகம் பிறகு டெல்லிக்குப் போனது. 2023-ல் அமெரிக்காவிலும் பல ஊர்களில் நடந்தது.

திரும்பும் வழியில் மெரின் டிரைவ் விளக்குகளைக் காட்டினேன். அத்தை பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்த ராணிக்காவது நாலு வரி வசனம் குடுத்திருக்கான்" என்றார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். "ரசம் மட்டும் வை, போதும்" என்று சொல்லிவிட்டு மூத்தவருக்குப் போன் போடச் சொன்னார். மணி பதினொன்றரை. அவர் தூங்கியிருப்பார் என்றேன்.

"எழுப்பு" என்றார்.