கழிவறைக்கு மட்டும் வேறு ஆளா?

வீட்டு வேலைக்கு ஆள் வைக்கலாமா என்ற விவாதம் நம் வட்டத்தில் அடிக்கடி எழுகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, கைக்குழந்தை, அம்பத்தூரிலிருந்து சிறுசேரி போய்வரவே நாளில் மூன்று மணி நேரம். இந்த நிலையிலும் ஆள் வைப்பது ஆண்டைத்தனம் என்கிறார்கள் ஒரு சாரார். பணம் கொடுக்கிறோம், வேலை வாங்குகிறோம், இதில் சாதி எங்கிருந்து வந்தது என்கிறார்கள் மற்றவர்கள்.

முதல் சாராரின் குற்றவுணர்வால் யாருக்கும் பயனில்லை. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் வீட்டு வேலையை நம்பி வாழும் பெண்கள் ஏராளம். நடந்துபோகும் தூரத்தில் இருந்த வேலையை அவர்களிடமிருந்து பறித்தது அரசு. பலர் இன்றும் விடியுமுன் பஸ் பிடித்துப் பழைய வீடுகளுக்கே போகிறார்கள். கொள்கைக்காக நாம் துடைப்பத்தைக் கையில் எடுத்தால் அவர்களுக்கு ஒரு வீட்டுச் சம்பளம் குறையும். சாதி அப்படியே இருக்கும்.

சாதி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் தங்கள் அபார்ட்மெண்டில் வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். சமைக்க ஒருவர், அதற்கான விளம்பரத்தில் 'பிராமின் குக்' வேண்டும் என்று கூச்சமே இல்லாமல் கேட்கிறார்கள். பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க இன்னொருவர். கழிவறை கழுவ வாரம் ஒருமுறை வரும் மூன்றாமவர்; அவர் அடுப்படிப் பக்கமே வருவதில்லை. அடுப்பிலிருந்து கழிவறை நோக்கி இறங்க இறங்க, வேலை செய்பவரின் சாதியும் இறங்குகிறது. பாத்திரம் தேய்ப்பவரே கழிவறையைத் தொட மறுப்பதும் உண்டு. சாதி உழைப்பாளர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். அந்த அடுக்கை மூன்று படுக்கையறை வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் வரை நான்கு வீடு பார்க்கும் ஒரு பெண் எங்கே சிறுநீர் கழிக்கிறார்? தான் கழுவும் கழிவறையை அவர் பயன்படுத்த முடியாது. கீழே வாட்ச்மேனுக்கென்று ஒன்று இருக்கும், அதுவும் பாதி நேரம் பூட்டிக்கிடக்கும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மாதவிடாய் நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டீ கொடுக்கிறோமே என்பார்கள் வீட்டுக்காரர்கள். எந்த டம்ளரில்? குடித்த பிறகு அந்த டம்ளர் எங்கே கவிழ்க்கப்படுகிறது? டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்துப் போஸ்டர் ஒட்டியவர்களின் வீட்டிலும் சிங்க் ஓரமாக ஒரு தனி எவர்சில்வர் டம்ளர் இருக்கக்கூடும்.

சட்டம் பேசுவோருக்குச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-இல் வந்தது. 2018-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாயில் தொடங்கி நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சுமாரான ஓட்டலில் ஃபில்டர் காபி குடிக்கக்கூட அது போதாது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கைக்கு ஆதரவாக இந்தியா 2011-இல் வாக்களித்தது, ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. வீடு ஒரு பணியிடம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனமில்லை.

இதில் வீட்டு ஆண்கள் சத்தமில்லாமல் தப்பித்துவிடுகிறார்கள். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு அது 88 நிமிடம். மனைவிக்கு உதவியாக ஆள் வைத்திருக்கிறேன் என்று சொல்கிற கணவர், தான் செய்ய வேண்டிய வேலையைத்தான் இன்னொரு பெண்ணின் தலையில் வைக்கிறார். அந்தப் பெண் தன் வீட்டுக்குப் போய் அதே வேலையைக் கூலியில்லாமல் மறுபடி செய்கிறார். நாளை அவர் லீவு போட்டால் உங்கள் வீட்டுக் கழிவறையை யார் கழுவுவார்கள்? அம்மா, அல்லது மனைவி என்பது பதிலானால், அந்த வீடு ஆள் வைப்பதைப் பற்றிப் பேசும் முன் ஆண்கள் கையில் பிரஷ்ஷைக் கொடுக்க வேண்டும்.

2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். நாம் கொதித்தோம், பதிவு எழுதினோம். அது சரிதான். ஆனால் அந்தக் கேள்வி அவிநாசியோடு நின்றுவிடவில்லை. உங்கள் கழிவறையைக் கழுவ வரும் பெண்ணைச் சமையலுக்கு வைப்பீர்களா? சுத்தம், சுகாதாரம் என்று உடனே நாக்கு நுனியில் ஒரு பதில் வரும். கழிவறை கழுவியபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் நம் கை சுத்தமாகிவிடுகிறது. அவர் கை மட்டும் ஏன் ஆவதில்லை?

ஆள் வையுங்கள் என்பதே என் கருத்து. கழிவறையை வீட்டிலுள்ளவர்கள், ஆண்களில் தொடங்கி, முறைவைத்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவரின் வருமானம் போய்விடுமே என்ற கவலை நியாயமானது. அவரையே சமையலுக்குக் கூப்பிடுங்கள். பேசிய சம்பளத்தை எழுதி வையுங்கள். வாரம் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள். அவர் பயன்படுத்தவும் அதே கழிவறை, குடிக்கவும் அதே டம்ளர். சமையல் தெரியுமா என்று சந்தேகம் வேண்டாம். தன் வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிறார். 'பிராமின் குக்'குக்குக் கொடுக்கத் தயாராக இருந்த அதே தொகையை அவருக்குக் கொடுங்கள்.