தங்கக் கை

"குழந்தைதான் சௌக்கியமாய்ப் பிறந்துவிட்டதே! இனித் தாயாருக்கு எதற்காம் ஊசி?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி அலுத்துக்கொண்டாள். பேத்திக்கு ஆர்.எச். நெகடிவ் ரத்தம், குழந்தைக்கோ பாஸிடிவ்.

பாட்டி கேட்டது நியாயந்தான். வினை இந்தக் குழந்தைக்கு அல்ல, அடுத்ததற்கு. பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் சிறிது தாயின் உடம்பில் கலந்துவிடலாம். தாயின் வெள்ளணுக்கள் அதை அன்னியச் சரக்கு என்று கண்டுகொண்டு, எதிர்ப்புப் புரதம் தயாரிக்கக் கற்றுக்கொள்கின்றன. அடுத்த கர்ப்பத்தில் உள்ள சிசுவும் பாஸிடிவாக இருந்தால், அந்தப் புரதம் அதன் ரத்த அணுக்களை அழிக்கும். சோகை, கடும் மஞ்சள் காமாலை, சில சமயம் உயிருக்கே ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் அதே புரதந்தான்! பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த அதைப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட்டால், தாயின் வெள்ளணுக்கள் பாடம் கற்காமலே இருந்துவிடுகின்றன. 1968-ல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்தது. கற்றுவிட்ட பிறகு போட்டுப் பயனில்லை.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிஸன் என்று ஒருவர் இருந்தார். அவர் ரத்தத்தில் இந்தப் புரதம் ஏராளம். 'தங்கக் கை மனிதர்' என்றே பெயர் வந்துவிட்டது. 2018-ல், 81 வயதில் நிறுத்தும்வரை 1,173 தடவை தானம் செய்தார். மனிதருக்கு ஊசியென்றால் பயம். குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்! அவர் மகளுக்கே இந்த ஊசி தேவைப்பட்டது.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "கரு கலைந்து போனாலும் போடணுமா?" என்றாள்.

"அப்போதும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், பாட்டி."