மரக்கிளையை அரைக்க டிராக்டர் வந்தால் மட்டும் போதுமா?

ஐப்பசி மழைக்கு முன்னால் அஸ்தினாபுரம், நெமிலிச்சேரி, செம்பாக்கம் பக்கம் ஒரு சுற்று போய் வந்தால் விஷயம் புரிந்துவிடும். பராமரிப்புக்காக கரன்ட்டை நிறுத்திய மின்வாரிய ஊழியர்கள், கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். வீட்டுக்காரர்கள் ஆள் வைத்து தென்னையைச் சுத்தம் செய்திருப்பார்கள். தடிமனான கட்டை விறகுக்குப் போய்விடும். தழையும் சுள்ளியும் மட்டையும் தெருமுனையில் கிடக்கும். ‘இதை யாரு எடுப்பாங்க?’ என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

வீடு வீடாக வரும் பேட்டரி வண்டியில் ஒரு வேப்பங்கிளை ஏறினாலே வண்டி நிறைந்துவிடும். பத்து நாளில் குவியல் காய்கிறது. யாரோ தீ வைக்கிறார்கள், இல்லையென்றால் மழை அதை வடிகாலுக்குள் தள்ளுகிறது. ஒரு மட்டை குறுக்கே மாட்டினால் போதும், பிளாஸ்டிக் பையெல்லாம் வந்து சேர்ந்து, தெருத் தண்ணீர் வீட்டு வாசலுக்கு ஏறிவிடும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இந்தப் பிரச்சினையின் பெரிய உருவம் தெரிந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டுமே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயல் ஒரே நாளில் கொட்டியதைத்தான் ஒவ்வொரு ஆண்டும் நாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவில் கொட்டுகிறோம்.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

டிராக்டரின் பின்புறம் பி.டி.ஓ. என்கிற சுழல்தண்டு உண்டு. ரோட்டவேட்டரைச் சுற்றுவதும் அதுதான். அதில் சிப்பரை இணைத்தால் தனி இன்ஜின் தேவையில்லை. உள்ளே கனமான உருளை அல்லது தட்டில் பொருத்திய கத்திகள் சுழலும். வாய்ப்பகுதியில் கிளையின் அடிப்பக்கத்தை வைத்ததும் உருளைகள் கவ்வி இழுக்கும். அது சீவலாகி, குழாய் வழியாக டிப்பரில் போய் விழும். ஒரு லோடு தழை, நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கிவிடும். அந்த அளவுக்கு லாரி நடையும் டீசலும் மிச்சம்.

பொள்ளாச்சி பக்கத்துத் தோப்புகளில் டிராக்டரை வைத்து தென்னை மட்டையைத் தூளாக்குவது புதிதல்ல. புறநகருக்கும் அது பொருந்தும். ஆனால் வாங்கும்போதே ஒன்றைப் பார்க்க வேண்டும். வேம்பையும் புங்கனையும் லேசாகச் சீவும் எல்லா இயந்திரமும் தென்னையைத் தாங்காது. மட்டையின் நார் உருளையில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். நம்ம ஊர்க் குப்பையில் தென்னைதான் அதிகம் என்பதால், மட்டையைப் போட்டுப் பார்க்காமல் எந்த இயந்திரத்தையும் வாங்கக் கூடாது. இன்னொன்று ஆணி. டியூஷன், வாடகை வீடு என்று மரத்தில் அடித்த ஒவ்வொரு விளம்பரத் தகட்டின் ஆணியும் கத்தியின் பல்லைப் பெயர்க்கும்.

கை முக்கியம்

கரும்பு ஜூஸ் இயந்திரத்தில் கை மாட்டிய செய்திகளைப் படித்திருப்போம். சிப்பர் அதைவிடப் பல மடங்கு வேகம். பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். நொடிக்கு 9 சுற்று. அதில் துண்டோ முந்தானையோ மாட்டினால், ‘ஐயோ’ என்று சொல்லக்கூட நேரம் இருக்காது. கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது.

இங்கே இயந்திரத்துக்குக் கிளை ஊட்டப்போவது பெரும்பாலும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பலர் பெண்கள், சேலைக்கு மேல் சட்டை போட்டு வேலை பார்ப்பவர்கள். ஆகவே சில விதிகளில் சமரசம் கூடாது. தண்டின் மேல் உறை இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. தொங்கும் துணியும் மணிக்கட்டில் தளர்ந்த கையுறையும் ஆகாது. பக்கவாட்டில் நின்றுதான் கிளையை ஊட்ட வேண்டும். சின்னச் சுள்ளியைக் கையாலோ காலாலோ தள்ளாமல், நீளமான கிளையால்தான் தள்ள வேண்டும். அடைத்துக்கொண்டால் முதலில் டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்து, கத்தி முழுசாக நின்ற பிறகே திறக்க வேண்டும். பயிற்சி பெற்ற இரண்டு பேராவது இல்லாத நாளில் வண்டி கிளம்பவே வேண்டாம்.

சீவல் எங்கே போகும்?

பூங்கா, தோட்டக் கழிவுகளைத் தனியாகச் சேகரித்து, முடிந்தவரை பூங்காவிலேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்றது. அபராதம் சரி. எரிக்காமல் என்ன செய்வது என்பதற்கு வழி காட்டினால்தான் அது நியாயமாகும்.

வழி பக்கத்திலேயே இருக்கிறது. காய்கறிக் கழிவு உரக்கூடங்களில் நாற்றம் வருவதற்குக் காரணம், ஈரம் அதிகமாகி காற்றோட்டம் குறைவது. மரச்சீவலைக் கலந்தால் அது ஈரத்தை உறிஞ்சும், காற்றும் உள்ளே போகும். மிச்சத்தைப் பூங்கா மரங்களைச் சுற்றி மூன்று அங்குலம் பரப்பினால் கோடையில் தண்ணீர் மிச்சமாகும். அடிமரத்தைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும். இதைச் செய்யாமல் சீவலையும் லாரியில் ஏற்றிக் குப்பை மேட்டில் கொட்டினால், அரைத்த டீசல் வீண்.

2021இல் பல்லாவரமும் தாம்பரமும் மற்ற ஊர்களும் சேர்ந்து மாநகராட்சியானபோது 70 வார்டுகள் வந்தன. எல்லா வார்டுக்கும் ஆளுக்கொரு இயந்திரம் வேண்டியதில்லை. ஐந்து மண்டலங்களுக்கும் ஒன்று இருந்தாலே தொடங்கலாம். எந்தத் தெருவுக்கு எந்த நாள் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மின்வாரியம் கிளை வெட்டும் நாளும் சிப்பர் வரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுதான் முக்கியம். இயந்திரத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வது ஒரு நாள் வேலை. அது ஷெட்டில் துருப்பிடிக்காமல், யார் விரலையும் எடுக்காமல் மழைக்கு முன் தெருவைச் சுத்தம் செய்வதுதான் நிர்வாகம்.