மடியில் இருப்பவர்கள்

எங்கட ஊரில் பயணத்துக்கு வான் பிடிக்கும்போது ஆட்களை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெரியவர்களை விரல் மடித்து எண்ணுவார்கள். பிள்ளைகளிடம் வந்ததும் விரல் நின்றுவிடும். "அதுகள் மடியில இருக்குங்கள்தானே." இப்படித்தான் போன டிசம்பர் விடுமுறையில் 14 சீட் ஹயஸ் வானில் நாங்கள் 18 பேர் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டோம். கணக்கில் வராத நாலு பேரும் ஆறு வயதுக்குக் கீழே. கடைக்குட்டிக்கு ஒன்பது மாதம்.

இங்கே 'நாங்கள்' என்பது பின் சீட்டுக்காரர். கம்பஸ் படிக்கிற மச்சான், மச்சாள்மார் நாலு பேர். பெரியாக்களின் கதைக்குள் எங்களைச் சேர்க்கமாட்டார்கள், சின்னாக்களோடு அழவும் விடமாட்டார்கள். எங்களுக்குத் தரப்படுகிற உத்தியோகம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுங்கோ." பார்த்துக்கொண்டதால்தான் இதை எழுதுகிறோம்.

விடியப்புறம் நாலு மணிக்குப் புறப்பாடு. பிள்ளைகள் நித்திரையில் வந்தால் கரைச்சல் இல்லை என்பது பெரியப்பாவின் திட்டம். முறிகண்டியில் வான் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடித்து முடிக்க முக்கால் மணித்தியாலம். ஒருத்தரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஆனால் வவுனியா தாண்டி நாலு வயதுக்காரன் "மூத்திரம் வருது" என்றபோது, "அடக்கு ராசா, இப்பதானே நிண்டனாங்கள்" என்று பதில் வந்தது. ஏ9 வீதியில் போகிற எவரும் முறிகண்டியில் நிற்காமல் போவதில்லை. அப்படியென்றால் நிற்பது எங்களுக்குப் பழக்கமில்லாத விசயம் இல்லை. யாருக்காக நிற்பது என்பதில்தான் சிக்கல்.

சித்தியின் கதை இதைவிட மோசம். ஒன்பது மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அவர், முதல் நாள் இரவிலிருந்தே தண்ணி குடிப்பதைக் குறைத்துவிட்டார். காரணம் கேட்டபோது சிரித்துக்கொண்டு சொன்னார்: "எங்க போறது? ஆம்பிளையளுக்கு ரோட்டுக் கரை முழுக்கக் கிடக்கு." காலமை நாலு மணியிலிருந்து பின்னேரம் வரை ஒரு போத்தில் தண்ணிகூட அவர் முடிக்கவில்லை. சத்தி எடுத்த பிள்ளையைத் துடைத்தது, பம்பஸ் மாற்றியது, சுடுதண்ணிப் போத்திலைத் தேடியது, வாழையிலையில் கட்டின இடியப்பத்தைப் பிரித்துக் கொடுத்தது எல்லாம் சித்தியும் மாமியும்தான். முன் சீட்டில் அரசியல் போய்க்கொண்டிருந்தது.

சத்தியில் எங்களுக்கும் பங்கு உண்டு. புசல்லாவைக்கு மேலே வளைவுகள் தொடங்க, பிள்ளைகள் கத்தத் தொடங்க, நாங்கள் போனைக் கொடுத்தோம். அமைதி வந்தது. பத்து நிமிசத்தில் இரண்டு பேர் சத்தி. உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது, ஒன்றும் அசையவில்லை என்று போனைப் பார்க்கிற கண் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் பிரட்டலைத் தருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் இது அதிகம் வரும். யன்னலால் தூர இருக்கிற மலையைக் காட்டியிருந்தாலே பாதி குறைந்திருக்கும். யன்னல்கரை முழுக்கப் பெரியாக்கள். மடியில் இருக்கிற பிள்ளைக்குத் தெரிவது முன் சீட்டின் முதுகு.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தோம். மூன்று நாளுக்குள் மாத்தளை முத்துமாரியம்மன், பேராதனைப் பூங்கா, றம்பொடை அனுமார், சீத்தா எலிய, ஹக்கலைப் பூங்கா, கிரகரி வாவி. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் படம். இதை வெறும் பேராசை என்று சொல்ல எங்களால் முடியவில்லை. எங்கட அப்பா அம்மாமாரின் சின்ன வயதில் பயணம் என்றால் கிளாலிக் கடலில் இரவில் வள்ளம். 2002 இல் ஏ9 திறந்தபோது அவர்கள் இளம் ஆட்கள். ஓமந்தையில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டித்தான் அப்பால் போனார்கள். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடுப்பட்டது. பாதை எப்போதும் திறந்தே இருக்கும் என்று நம்பப் பழகாதவர்கள், போகக்கிடைத்த நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடப் பார்க்கிறார்கள். விளங்குகிறது. ஆனால் அந்தக் கடனைப் பிள்ளைகளின் வயிற்றாலும் சித்தியின் சிறுநீர்ப்பையாலும் அடைக்கக்கூடாது.

இனித்தான் முக்கியமான விசயம். மூன்றாம் நாள் இரவு, றூமுக்கு இன்னொரு நாள் காசு கொடுக்காமல் இரவோடு இரவாகத் திரும்பினோம். மூன்று நாளும் ஓடினது அதே ஒரு சாரதிதான். நாங்கள் கோயில் சுற்றும்போது அவர் வானுக்குள் படுத்ததுதான் அவருடைய நித்திரை. மரதன்கடவலை தாண்டி, வான் மெல்ல இடப்பக்கம் இறங்கி, சரளைக்கல்லில் சில்லுச் சத்தம் கேட்டது. அம்மம்மா "முருகா" என்று கத்தினா. சாரதி திடுக்கிட்டு வெட்டித் திருப்பினார். நிறுத்தி, முகம் கழுவி, பிளேன்ரீ குடித்துவிட்டு ஓடினோம். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஓட்டத்தைத் திட்டம் போட்டது நாங்கள்.

அந்த நேரம் முன் சீட்டில் பெரியப்பாவின் மடியில் நாலு வயதுக்காரன். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பெல்ற். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் போட்டார்கள். வான் மோதி நின்றிருந்தால் பெரியப்பாவின் முழுப் பாரமும் பெல்ற்றுக்கும் தனக்கும் இடையிலுள்ள பிள்ளையைத்தான் நசுக்கியிருக்கும். சித்தியின் மடியில் கைக்குழந்தை, பெல்ற்றே இல்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடுகிற வாகனம் மோதி நின்றால் 10 கிலோப் பிள்ளையின் விசை சில நூறு கிலோ அளவுக்குப் போய்விடும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. நடுச் சீட்டுகளில் பெல்ற் இருந்தது, சீட் கவருக்குக் கீழே புதைந்து கிடந்தது. கனடாவில் இருக்கிற மாமா அங்கே கார் சீட் இல்லாமல் பிள்ளையைக் காரில் ஏற்றமாட்டார், அங்கே சட்டம் அப்படி. அவரே இங்கே லீவில் வந்தால் பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கிறார்.

வீட்டில் இதைக் கதைத்தபோது வந்த பதில்: "நாங்கள் உங்களை இப்பிடித்தானே கொண்டு திரிஞ்சனாங்கள், ஒண்டும் நடக்கேல்லைத்தானே." நடந்த வீடுகளில் இந்த வசனத்தைச் சொல்ல ஆள் இருக்காது. காசு என்ற பதில் வேறு, அதில் நியாயம் இருக்கிறது. வான் கூலி, டீசல், றூம், சாப்பாடு எல்லாம் ஒரு குடும்பத்துக்கு லேசான செலவில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 18 பேரில் பின் சீட்டு நாலு பேரும் கழிந்தால் 14. வானில் சீட் 14. நாங்கள் கைகால் உள்ள ஆட்கள், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி பஸ் ஏறத் தெரியும். பஸ் காசு பெரிய காசுமில்லை. இடங்களில் இரண்டைக் குறைத்தால் மாத்தளையில் ஒரு இரவு தங்கலாம், சாரதியும் படுக்கலாம்.

இன்னொன்று. போகும் வழியில் நாவுலைக்குக் கிட்ட ரயர் காற்றுப் போய், ஒட்டுக்கடை வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றோம். பெரியாக்கள் புறுபுறுத்தார்கள். சித்தி கடைக்கார அம்மாவிடம் கேட்டு உள்ளே போய் வந்தார், தண்ணியும் குடித்தார். பிள்ளைகள் அங்கே நின்ற நாய்க்குட்டிகளோடு மண்ணில் உருண்டார்கள். திரும்பி வந்தபிறகு நாலு வயதுக்காரனிடம் நுவரெலியாவில் என்ன பிடித்தது என்று அம்மம்மா கேட்டா. "ரயர் கடை" என்றான்.

வாற ஏப்ரலுக்கு இன்னொரு பயணம் கதைபடுகிறது. இந்தமுறை ஆட்களை எண்ணும் கொப்பி எங்கட கையில். முதல் நாலு வரியிலும் சின்னாக்களின் பெயர். கைக்குழந்தைக்கு ஒரு கார் சீட் அனுப்பச் சொல்லிக் கனடா மாமாவுக்கு எழுதியாச்சு, இன்னும் பதில் இல்லை. பெரியப்பா கொப்பியை வாங்கி இரண்டுதரம் வாசித்தார். சீத்தா எலியவை மட்டும் வெட்டக்கூடாதாம்.